விழக் கற்றவர்கள்

பேத்தமங்களா என்றால் கோலார் தங்கவயல்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். நந்திமலைப் பக்கம் பிறந்து வரும் பாலாற்றை மறித்துக் கட்டிய அந்தப் பெரிய ஏரியிலிருந்துதான் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பல தலைமுறைகளாகக் குடிநீர் போயிற்று. ஏரியைத் தாண்டிய ஆறு ஆந்திரத்தின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு வாணியம்பாடி, ஆம்பூர் என்று தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. அதில் வந்து சேரும் கிளையாறுகளில் ஒன்று கவுண்டிண்யா. அதன் கரையில் இருக்கிறது குடியாத்தம். தென்னிந்திய சினிமாச் சண்டையின் பேராசான் ஜூடோ கே.கே. ரத்தினம் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வட ஆர்க்காட்டிலிருந்துதான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கச் சுரங்கத்துக்கு வேலை தேடிப் போயின. ஆறு கீழே வந்தது. ஆட்கள் மேலே போனார்கள்.

இந்த ஆற்றுவழியை வைத்துக்கொண்டு சினிமாச் சண்டைக் கலைஞர்களின் தொழிலைப் பற்றி யோசிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. இந்தியத் திரைச் சண்டைக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படங்களில் இரண்டு ‘கே.ஜி.எஃப்’ என்று தங்கவயலின் பெயரையே தாங்கியவை. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டில் அரங்கம் போட்டு அவற்றைப் படம் பிடித்தார்கள். சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்து வண்டியேறிய சண்டைக் கலைஞர்களின் முகத்தில் ஒட்டியிருந்த தூசு, ஒரு காலத்தில் அங்கே வேலை முடிந்து வெளியே வந்தவர்களின் முகத்திலும் ஒட்டியிருந்ததுதான். இரண்டு கூட்டமும் உடம்பைப் பணயம் வைத்துப் பிழைத்தவை. ஆனால் ஒரு கூட்டத்தின் ஆபத்தை அளக்கவும் எண்ணவும் இந்த நாடு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் போட்டது. இன்னொரு கூட்டத்துக்கு அப்படி ஒன்று இன்றும் முழுதாக அமையவில்லை. ஏன் அமையவில்லை, அமைந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் தொழிலின் படிநிலையைப் பார்த்துவிடலாம். நாம் ‘ஸ்டண்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. கதாநாயகனிடம் அடி வாங்கிப் பறந்து விழுகிறவர் ஃபைட்டர். கதாநாயகனின் உடையில், முகம் காட்டாமல், அவருக்காகக் குதிக்கிறவர் டூப். சண்டையை வடிவமைத்து, ஆட்களை அமர்த்தி, ஒத்திகை பார்த்து, கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் காட்சியை எடுத்து முடிப்பவர் மாஸ்டர். ஒரு மனிதர் இந்தப் படிகளில் ஏற இருபது வருடம் ஆகலாம். பலர் முதல் படியிலேயே முழங்கால் தேய்ந்து நின்றுவிடுகிறார்கள்.

சுரங்கத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவரை மேஸ்திரி என்றார்கள். போர்த்துகீசியம் வழியாக வந்த மேஸ்திரியும் ஆங்கிலம் வழியாக வந்த மாஸ்டரும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்த சொற்கள். வேலையிலும் ஒற்றுமை இருக்கிறது. சண்டை மாஸ்டர் கலைஞர் மட்டுமில்லை. யாருக்கு இன்று வேலை, யார் கண்ணாடியை உடைப்பது, யார் மாடியிலிருந்து விழுவது என்று தீர்மானிக்கிறவரும் அவரே. ‘முடியாது மாஸ்டர்’ என்று ஒரு ஃபைட்டர் சொன்னால் அந்த ஷாட் மட்டுமா போகும், அடுத்த படத்துக்கான அழைப்பும் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு இருக்கும். இந்தப் பிணைப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது.

சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் சண்டைக்குத் தனியாக ஆள் வைக்கும் வழக்கம் பலப்படவில்லை. சிலம்பக்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், உடற்பயிற்சிக் கூடங்களில் வளர்ந்த சாண்டோக்கள் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தார்கள். பின்னாளில் பெரிய தயாரிப்பாளரான சாண்டோ சின்னப்பா தேவர் அப்படிச் சிறு சண்டை வேடங்களில் தொடங்கியவர்தான். ஸ்டண்ட் சோமு, ஆர்.என். நம்பியார், ஷியாம் சுந்தர் என்று எம்.ஜி.ஆர். படங்களின் டைட்டிலில் சண்டைக்காரர்களின் பெயர் வரத் தொடங்கியபோது, தொழிலுக்கு ஒரு மரியாதை வந்தது. எம்.ஜி.ஆருக்கு டூப் போட்ட கே.பி. ராமகிருஷ்ணன் அவரது மெய்க்காப்பாளராகவும் இருந்தார். கத்திச் சண்டையும் கம்புச் சண்டையும் அந்தக் காலத்து அடிப்படைகள். இரண்டிலும் ஒழுங்கு உண்டு. எதிராளி எந்தப் பக்கம் வீசுவார் என்பது எண்ணிக்கைக் கணக்கில் இருக்கும். அதனாலேயே ஆபத்தும் கைக்குள் அடங்கியதாக இருந்தது.

ரத்தினத்தின் வருகையோடு அந்தக் கணக்கு மாறியது. 1930-இல் பிறந்தவர், 1959-இல் வந்த ‘தாமரைக்குளம்’ படத்தில் நடிகராகத் தலைகாட்டினார். 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். துப்பறியும் படங்களின் காலம் அது. வேட்டி மடித்துக் கம்பு சுற்றிய கதாநாயகன் கோட்டு போட்டு, கையைப் பிடித்து முறுக்கித் தோளுக்கு மேல் தூக்கி எறியத் தொடங்கினான். அந்த எறிதல் ஜூடோவிலிருந்து வந்தது. ரத்தினம் பணிபுரிந்த படங்களின் எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டும் என்பார்கள். ரஜினிகாந்துக்கு மட்டும் 46 படங்கள். 1980-இல் வந்த ‘முரட்டுக்காளை’ ரயில் சண்டையை இன்றும் தொலைக்காட்சியில் போட்டால் கைவேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறோம். அந்த ரயில் ஓடுகிறது, அதன் மேல் மனிதர்கள் நிற்கிறார்கள், காற்று அவர்கள் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. திரையில் தெரியும் பயத்தில் பாதி அந்த இடத்தில் உண்மையாகவே இருந்தது.

ஜூடோ என்கிற அடைமொழியில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஜூடோவில் ஒருவரைத் தூக்கி எறிவதற்கு முன்னால் சொல்லித்தருவது விழுவதற்கு. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்மண்டை தரையில் படக் கூடாது. விழுகிற கணத்தில் மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். உள்ளங்கை தொடங்கி முழங்கைவரை ஒரே நேரத்தில் தரையை அறைய வேண்டும். மொத்த வேகமும் ஒரு எலும்பில் இறங்காமல் பரந்து சிதறும். முன்னால் விழுந்தால் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு உடம்பைக் குறுக்காக உருட்ட வேண்டும். முதுகெலும்பின் மேல் நேராக உருளக் கூடாது. கையை ஊன்றி விழுகிறவனுக்கு மணிக்கட்டு போகும். இதை நூறு முறை, ஆயிரம் முறை பாயில் செய்து செய்து, நினைக்காமலே உடம்பு செய்யும்படி பழக்குகிறார்கள். சண்டைக் கலைஞரின் உண்மையான படிப்பு இதுதான். அடிக்கிறவரை நாம் கைதட்டிப் பார்க்கிறோம். அந்த அடி நம்பும்படி இருப்பது விழுகிறவரின் கையில் இருக்கிறது.

ரத்தினத்தின் பயிற்சியில் வந்தவர்கள் ஒரு வம்சமே ஆனார்கள். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ஜாக்குவார் தங்கம் என்று அடுத்த இருபது, முப்பது வருடங்களின் மாஸ்டர்களை எடுத்தால் அதில் பலருடைய தொடக்கம் அவரிடம் போய் நிற்கும். எழுதிவைத்த பாடத்திட்டம் இல்லாத ஒரு தொழில் இப்படி ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் கைமாற முடியும். குருவின் பழக்கம் நல்லதாக இருந்தால் சீடர்கள் தப்பினார்கள். குரு அவசரக்காரராக இருந்தால் அதையும் சீடர்களே சுமந்தார்கள். வடபழனியில் இயங்கும் தென்னிந்திய சண்டை இயக்குநர்கள், சண்டைக் கலைஞர்கள் சங்கம் 2017-இல் பொன்விழா கண்டது. சங்க கார்டு வாங்காமல் தமிழ்ப் படத்தில் சண்டை போட முடியாது என்பது ஒரு பாதுகாப்பு. எந்த உடற்பயிற்சிக் கூடத்திலிருந்தும் யாரையாவது கூட்டிவந்து மாடியிலிருந்து தள்ளிவிட முடியாது.

பேத்தமங்களாவிலோ தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ வளர்ந்த ஒரு இளைஞன் இந்தத் தொழிலுக்கு வர நினைத்தால் அவனுக்கு முன்னால் இரண்டு ரயில்கள் இருக்கின்றன. மாரிக்குப்பத்தில் ஏறினால் பெங்களூரு. பங்காருபேட்டையில் மாறினால் சென்னை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் ஊர்க்காரனுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. சண்டைக்காரர்கள் மொழி பார்த்து வேலை செய்வதில்லை. நான்கு மாநிலப் படங்களிலும் அதே முகங்கள் அடி வாங்கும். கன்னடப் படங்களில் பலவும் நெடுங்காலம் சென்னை ஸ்டுடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. அதனால் கன்னடச் சண்டைக்கும் தமிழ்ச் சண்டைக்கும் தொடக்கத்தில் பெரிய வேலி இல்லை. பிறகு பெங்களூரு தனக்கென்று மாஸ்டர்களை வளர்த்துக்கொண்டது. தொழிலில் நிலைத்தவர்கள் அங்கே இயக்குநர் நாற்காலிவரை போயிருக்கிறார்கள். த்ரில்லர் மஞ்சு 1996-இல் ‘போலீஸ் ஸ்டோரி’யை இயக்கினார். ரவி வர்மா 2019-இல் சிவராஜ்குமாரை வைத்து ‘ருஸ்தும்’ இயக்கினார். டைகர் பிரபாகர் சண்டைக்காரராக வந்து கதாநாயகனாகவே ஆனார். இவையெல்லாம் விதிவிலக்குகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு மாஸ்டருக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ முதுகுகள் இருக்கின்றன.

பெண்களுக்கு இந்தப் படி இன்னும் செங்குத்தானது. கதாநாயகிக்கு டூப் போட ஆண் ஒருவருக்கு விக் மாட்டிவிடுவது நீண்டகால வழக்கம். இந்தி சினிமாவில் ரேஷ்மா பதான் 1975-இல் வந்த ‘ஷோலே’யில் ஹேமமாலினிக்காகக் குதிரை வண்டி ஓட்டியபோது அது பெண்ணும் செய்யக்கூடிய வேலை என்று நிறுவப்பட்டுவிட்டது. தமிழில் அந்தக் கதவு அதற்குப் பிறகும் ஒருக்களித்தே கிடந்தது.

இனி கருவிகளுக்கு வருகிறேன். ஆபத்து எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. உயரத்திலிருந்து விழுகிறவருக்குப் பழைய காப்பு அட்டைப்பெட்டி. காலிப் பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, கயிறு கட்டி, மேலே மெத்தை விரித்துவிடுவார்கள். ஆள் விழும்போது ஒவ்வொரு அடுக்காக நசுங்கி வேகத்தைத் தின்றுவிடும். பார்க்க ஏழ்மையாக இருந்தாலும் நன்றாக அடுக்கினால் நம்பகமான சாதனம். பிறகு காற்று மெத்தை வந்தது. அதன் பின்னால் வந்த ரோப், தொழிலையே மாற்றிவிட்டது. இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, கிரேனில் கயிறு கோத்து இழுத்தால் மனிதன் பறப்பான். முன்பு அந்தக் கம்பி கேமராவில் தெரியக் கூடாது என்பதற்காக மெல்லியதாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணினியில் கம்பியை அழிக்கும் வசதி வந்ததும் தடித்த கயிறு போட முடிந்தது. உயிருக்கு இது பெரிய லாபம். ஆனால் அதே வசதி இயக்குநர்களின் ஆசையையும் வளர்த்துவிட்டது. பத்தடி பறந்தவர் முப்பதடி பறக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் பறந்த இடத்தில் எட்டுப் பேர் பறந்தார்கள். கயிறு தடித்த அளவுக்கு அதன் மேல் ஏற்றிய பாரமும் கூடியது.

கார் புரளும் காட்சியும் அப்படியே. பழைய முறை சாய்தளம். வேகமாக வந்து ஒரு பக்கச் சக்கரத்தை அதில் ஏற்றினால் வண்டி புரளும். எத்தனை முறை புரளும், எப்படி விழும் என்பது ஓட்டுகிறவரின் கையிலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்திலும் இருக்கிறது. இன்னொரு முறையில் காரின் அடியில் காற்றழுத்தக் குழல் ஒன்றைப் பொருத்தி, குறித்த நொடியில் அது தரையை உதைத்து வண்டியைப் புரட்டும்படி செய்கிறார்கள். 2006-இல் வந்த ‘கேசினோ ராயல்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஆடம் கிர்லி இப்படி ஏழு முறை புரண்டு கின்னஸ் சாதனை படைத்தார். உள்ளே இரும்புக் கூண்டு, பல முனைப் பெல்ட், கழுத்துக் காப்பு எல்லாம் இருந்தால்தான் இது நடக்கும். இதற்கெல்லாம் பணமும் நாளும் வேண்டும். நம் படப்பிடிப்பில் முதலில் வெட்டப்படுவது ஒத்திகை நாள்தான் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

நடந்த விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

2016 நவம்பர் 7. பெங்களூருக்கு அருகில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். ‘மாஸ்தி குடி’ கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூன்று பேர் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகன் துனியா விஜய் மீட்கப்பட்டார். அனில், உதய் இருவரும் மூழ்கிப்போனார்கள். இருவரும் வில்லன் வேடங்களில் அறியப்பட்ட நடிகர்கள். உயிர்காப்பு உடை அவர்களுக்கு இல்லை. அனுபவமுள்ள நீச்சல்காரர்கள் செய்ய வேண்டிய வேலையை நடிகர்களைச் செய்யவைத்தார்கள். பேத்தமங்களா ஏரியைப்போலவே அதுவும் ஒரு நகரத்துக்குக் குடிநீர் தந்த நீர்நிலை. 2021 ஆகஸ்டில் ராமநகரா மாவட்டத்தில் ‘லவ் யூ ரச்சு’ படப்பிடிப்பில் கிரேனும் உலோகக் கயிறும் உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகில் போக, விவேக் என்ற சண்டைக் கலைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். 2022 டிசம்பரில் சென்னைக்கு அருகில் ‘விடுதலை’ படப்பிடிப்பில் கயிறு அறுந்து சுரேஷ் விழுந்தார். 2024 ஜூலையில் சென்னையில் ‘சர்தார் 2’ சண்டைப் பயிற்சியின்போது ஏழுமலை இருபதடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் கார் சாய்தளத்தில் ஏறிப் புரண்ட காட்சியில் எஸ்.எம். ராஜு என்கிற மோகன்ராஜ் உயிர் விட்டார். கார் சாகசத்தில் பல வருட அனுபவம் உள்ளவர் அவர்.

இந்த ஐந்திலும் யாரும் சண்டையில் சாகவில்லை. குத்து தப்பி விழுந்தோ கத்தி பட்டோ ஒருவரும் போகவில்லை. அறுந்த கயிறு, மின்கம்பி, தடுப்பில்லாத உயரம், ஆழமான தண்ணீர், புரண்ட வாகனம். கட்டட வேலையிலும் துறைமுகத்திலும் ஆலையிலும் தொழிலாளர்களைக் கொல்கிற அதே காரணங்கள்தான் இவை. நாம் இவர்களை வீரர்கள் என்று சொல்லிப் பழகிவிட்டதால், இவர்களுடைய சாவையும் வீரத்தின் விலையாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு கட்டடத் தொழிலாளி சாரம் சரிந்து இறந்தால் ‘சாரத்தைக் கட்டியது யார்’ என்று கேட்கிறோம். ஃபைட்டர் இறந்தால் ‘எவ்வளவு துணிச்சலான மனிதர்’ என்கிறோம். துணிச்சலைப் புகழ்வது தவறில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அது மறைத்துவிடக் கூடாது.

தங்கவயல் இந்த இடத்தில்தான் எனக்குத் தேவைப்படுகிறது. 1897-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்த விபத்தில் 52 பேர் இறந்தார்கள். பலுசிஸ்தானில் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் போனார்கள். இந்தச் சாவுகள் ஏற்படுத்திய நெருக்கடிதான் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை விரைவுபடுத்தியது. 1901-இல் இந்தியச் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 தொடக்கத்தில் சுரங்கங்களைச் சோதிக்க அரசு அலுவலகம் ஒன்று அமைந்தது. இன்றைய சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஆதி அதுவே. கூலிக்காரனின் உயிரை மலிவாக மதித்த ஒரு காலனி ஆட்சி கூட, எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டியபோது கணக்கெடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு வந்தது.

சுரங்கம் அதனால் பாதுகாப்பான இடமாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிக்கும். அந்த வெடிப்பு எத்தனையோ லைன் வீடுகளில் தாலியை அறுத்தது. பாறைத்தூசு நுரையீரலை அரித்துக் கொன்றவர்களின் கணக்கு தனி. ஆனாலும் அங்கே ஆபத்துக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு பதிவேடு இருந்தது. பாறை வெடிப்பைக் காதுகொடுத்துக் கேட்கும் நிலநடுக்கக் கருவிகளை நிறுவினார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் அங்கே சேர்ந்திருந்த அறிவு வேறு சுரங்கங்களுக்கும் அணைகளுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்களிடமிருந்து ஒரு தொழில் கற்றுக்கொண்டது என்று சொன்னால் கொடூரமாகத் தொனிக்கும். கற்றுக்கொள்ளாமல் விடுவது அதைவிடக் கொடூரம்.

சினிமாவில் அந்தக் கற்றல் நடப்பதில்லை. ஒரு படப்பிடிப்பில் கயிறு அறுந்தால் அது எந்தக் கயிறு, எத்தனை முறை பயன்படுத்தியது, எவ்வளவு பாரம் தொங்கியது, கிரேனை இயக்கியவர் யார் என்பதை ஆராய்ந்து அடுத்த படப்பிடிப்புக்குச் சொல்லும் பொது ஏற்பாடு எதுவும் இல்லை. காவல்நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது. சிலர் கைதாகிறார்கள், ஜாமீனில் வருகிறார்கள். இழப்பீடு பேசப்படுகிறது. வழக்கு ‘யார் குற்றவாளி’ என்று தேடும். ‘எது பழுது’ என்று தேடுவது அதன் வேலை இல்லை. அந்த இரண்டாவது தேடலைச் செய்ய ஒரு ஆய்வாளர் வேண்டும். சுரங்கத்துக்கு 1902-இல் கிடைத்த ஆய்வாளர் சினிமாவுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

மாஸ்டரின் பொறுப்பு இதில் எங்கே வருகிறது? என் கருத்தில், தொழிலின் மையச் சிக்கல் அவருடைய நாற்காலியில்தான் இருக்கிறது. காட்சி பிரமாதமாக வர வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவரும் அவரே. ஆட்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டியவரும் அவரே. இரண்டும் ஒத்துப்போகும் நாட்களில் பிரச்சினை இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது, கதாநாயகனின் கால்ஷீட் இன்றோடு முடிகிறது, தயாரிப்பாளர் ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்கிற நாளில் அவை மோதும். அந்த மோதலில் ஒரு தனிமனிதரின் மனசாட்சியை மட்டும் நம்பி ஒரு தொழில் நடக்கக் கூடாது. நல்ல மாஸ்டர்கள் நிறைய இருக்கிறார்கள். முதலில் தானே குதித்துக் காட்டிவிட்டுப் பிறகு பையன்களை அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நல்ல குணத்தை விதியாக மாற்றுவதற்குத்தான் சட்டம் வேண்டும். கயிற்றையும் கிரேனையும் சாய்தளத்தையும் சோதித்துக் கையெழுத்துப் போட, மாஸ்டரிடமோ தயாரிப்பாளரிடமோ வேலை கேட்டு நிற்காத ஒரு தனி ஆள் தளத்தில் இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்று அவர் சொன்னால் கேமரா நிற்க வேண்டும்.

ஹாலிவுட்டும் இந்த இடத்துக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. அங்கேயும் சாவுகள் நடந்தன, நடக்கின்றன. ஆனால் யக்கிமா கனட் என்ற சண்டைக் கலைஞருக்கு 1967-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, அவருடைய சாகசங்களோடு, சக கலைஞர்களைக் காக்க அவர் உருவாக்கிய சாதனங்களையும் சேர்த்தே பாராட்டினார்கள். குதிரையிலிருந்து விழும்போது அங்கவடியிலிருந்து காலை விடுவித்துக்கொள்ளும் அமைப்பு போன்ற சிறிய இரும்பு வேலைகள் அவை. எனக்குத் தெரிந்து ஒரு சண்டைக் கலைஞருக்குக் கொடுத்த மிகச் சரியான பாராட்டு அது.

விருதுகளைப் பொறுத்தவரை கடந்த பத்தாண்டுகள் நல்லவையாகவே இருந்திருக்கின்றன. 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சண்டை அமைப்புக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது; ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். 2018-ஆம் ஆண்டுக்கு ‘கே.ஜி.எஃப்’ முதல் பாகத்துக்காக விக்ரம் மோரும் அன்பறிவும் பெற்றார்கள். இரண்டாம் பாகத்துக்காக அன்பறிவுக்கு மீண்டும் கிடைத்தது. அன்பறிவு என்பது அன்புமணி, அறிவுமணி என்ற இரட்டைச் சகோதரர்கள். ஃபைட்டர்களாக இருந்து மேலே வந்தவர்கள். 2014-இல் ‘மெட்ராஸ்’ படத்தில் வடசென்னையின் சந்துகளுக்குள் அவர்கள் அமைத்த ஓட்டமும் மோதலும் கவனிக்கவைத்தன. வீடுகளுக்கு நடுவில் இடமில்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி ஓடுவார்கள், எதில் இடித்துக்கொள்வார்கள் என்று யோசித்து அமைத்த சண்டை அது. ஆஸ்கரும் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்கு விருது கொடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. இவையெல்லாம் மகிழ்ச்சியான செய்திகள். எனக்கிருக்கும் ஆசை ஒன்றுதான். விருதுக்குழு காட்சியைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் காட்சியில் எத்தனை பேருக்கு அடிபட்டது, எத்தனை நாள் ஒத்திகை நடந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

பணப் பாதுகாப்பில் தனிமனித உதவிகள்தான் முன்னால் நிற்கின்றன. நடிகர் அக்ஷய் குமார் 2017-இல் தொடங்கிய முயற்சியால் இந்தித் திரையுலகின் சண்டைக் கலைஞர்களில் சுமார் 650 பேருக்குக் காப்பீடு கிடைத்தது. மோகன்ராஜின் மரணத்துக்குப் பிறகு அந்த ஏற்பாடு மறுபடி செய்தியானது. மனம் நிறைந்த செயல் அது. ஆனால் ஒரு நடிகரின் மனசு ஒரு தொழிலின் கூரையாக இருக்க முடியாது. 1981-இல் திரைத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றது. ஒரு நாள் பேட்டாவுக்குக் கூப்பிடப்படும் ஃபைட்டரின் கைக்கு அந்த ஒப்பந்தம் வருவது அரிது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றிய அரசு அறிவிப்பில் ஒளி-ஒலித் துறைத் தொழிலாளர்கள் வரிசையில் சண்டைக் கலைஞர்களின் பெயரும் வந்தது. நியமனக் கடிதம் கட்டாயம் என்றார்கள். சுரங்கச் சட்டத்தைப்போல இதிலும் எல்லாமே விதிகளை எழுதுவதில் இருக்கிறது. கிரேனுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதனை, மின்கம்பியிலிருந்து எத்தனை மீட்டர் விலகல், தண்ணீர்க் காட்சிக்கு எத்தனை மீட்பர்கள், ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரத்தில் என்று எண்களில் எழுதப்பட்டால் மட்டும் அது ஒரு ஃபைட்டரின் உயிரைத் தொடும். அந்த எண்களை எழுதும் மேசையில் ஓய்வுபெற்ற ஒரு சண்டைக் கலைஞரும் உட்கார வேண்டும். கயிறு அறுவதற்கு முன்னால் எப்படி முனகும் என்பது அவருக்குத் தெரியும்.

சுரேஷ் விழுந்து இறந்தது 2022 டிசம்பர் தொடக்கத்தில். அதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்கள் கழித்து, 2023 ஜனவரி 26 அன்று, ஜூடோ ரத்தினம் குடியாத்தத்தில் காலமானார். வயது 92. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் விழுந்தும் விழவைத்தும் வாழ்ந்த மனிதர், பிறந்த ஊரில் முதுமையில் கண்மூடினார். அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்து வடபழனி சங்க அலுவலகத்தில் அஞ்சலிக்கு வைத்தார்கள். ரஜினிகாந்த் வந்து வணங்கினார். அவரிடம் விழக் கற்றவர்களும், அவர்களிடம் விழக் கற்றவர்களும் அந்தக் கட்டடத்தின் படிகளில் கூடி நின்றார்கள்.